மந்தமான சத்தம்

"தட்டிப் பார்த்தாச்சா?" என்று மூத்தவர் கேட்டார். "பார்த்தேன், சத்தம் மந்தமாக இருக்கிறது" என்றேன். "பூண் போட்ட கிண்ணம் பின்னே எப்படிக் கேட்கும்?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஏலத்துக்கு வந்த அந்தக் கிண்ணத்தின் நிலை பற்றிய அறிக்கையில், "விளிம்பு வெள்ளிப் பூணுக்குள் இருப்பதால் பார்க்க இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சந்தையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற வித்தை இங்கே செல்லாது. வான்லி என்ற சீனப் பேரரசர் காலத்து நீலவெள்ளைப் பீங்கான். வாயிலும் அடியிலும் வெள்ளி வளையம். இரண்டையும் இணைத்து நெடுக்காக மூன்று பட்டை, கீல் வைத்தது. பீங்கானில் ஒரு துளைகூடப் போடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறான் லண்டன் தட்டான். அந்தப் பிடிக்குள் நல்ல கிண்ணமும் கணீரென்று ஒலிக்காது.

ஆனால் பட்டைக்குப் பக்கத்தில், பூணுக்குக் கீழே, மயிரிழை போல ஒரு கோடு. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். வெள்ளிக்குப் போட்ட பாலிஷ் வருஷக்கணக்காக அந்த இடுக்கில் காய்ந்து படிந்திருந்தது. அதன் கறையாகவும் இருக்கலாம். நகத்தை ஓட்டினேன், மாட்டவில்லை. நகம் மாட்டாத விரிசலும் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல.

பூண் என்றாலே மூடிமறைப்பு என்று நினைப்பதும் அநியாயம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் லெனார்ட் கிண்ணத்துக்கு 1569 வாக்கில் பூண் போட்டார்கள். இங்கிலாந்தில் சீனப் பீங்கான் அத்தனை அரிதாக இருந்த காலம். அது பொருளுக்குச் செய்த மரியாதை. உடைந்த கெண்டி மூக்குக்குப் பதில் வெள்ளி மூக்கு வைத்துக் கொடுத்ததும் தட்டான்கள்தான், அது வேறு விஷயம்.

சரி, கழற்றிப் பார்த்திருக்கலாமே? ஃபான்ட்ஹில் ஜாடி என்ற பழைய சீனப் பீங்கானின் பூணை 19ஆம் நூற்றாண்டில் கழற்றினார்கள். ஜாடி இன்று டப்ளினில் வெறுமனே நிற்கிறது. பூண் எப்படி இருந்தது என்பதை 1713ல் வரைந்த படத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கழற்றுவதா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவே இல்லை. என்னிடம் கேட்டது அறிக்கை மட்டும்தான்.

அறிக்கையை முதலில் டைப் அடித்ததில் இன்னொரு வரி இருந்தது: "ஒலி மந்தம்; பூணின் கீழ் ஒரு கோடு, காரணம் உறுதியில்லை." எட்டே சொல். அதை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூத்தவர் அப்போது டீ போடப் போயிருந்தார்.