பழைய சொகுசு செடான் வாங்கும் முன்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைப் பாருங்கள்

"ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஏசி முழு வேகத்தில். "உங்களுக்காகத்தான் சார், ஏறினதும் ஜில்லுனு இருக்கட்டும்னு" என்றார் விற்பவர். நல்ல எண்ணமோ, விவரமோ, விளைவு ஒன்றுதான். ஏர் சஸ்பென்ஷன் (கம்பிச்சுருளுக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பை, அதாவது ஏர் ஸ்பிரிங், வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள பெரிய செடானில் பார்க்க வேண்டியதில் பாதி அந்தப் பத்து நிமிஷத்தில் மறைந்துவிடுகிறது. அந்தப் பயணம் வீண். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ரக வண்டிகளின் விலை வேகமாகச் சரியும், உதிரிபாகங்களின் விலை சரியாது. முதல் ஓனர் கொட்டிக்கொடுத்த காசில் பெரும்பங்கு ஏர் ஸ்பிரிங், மிருதுவான புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்), கதவை இழுத்து மூடும் மோட்டார், சீட்டுக்குள் இருக்கும் காற்றுப்பை ஆகியவற்றுக்குப் போனது. மூன்றாவது ஓனர் கைக்கு வரும்போது உயிரை விடுவதும் இவைதான். எஞ்சின் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். எனவே பானெட்டுக்குள் குனிந்து செலவிடும் நேரத்தைவிட அதிக நேரம் சக்கரக் குழிகளிலும் கதவு ஓரங்களிலும் செலவாக வேண்டும்.

ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விட்டால் காற்று மெல்லக் கசியும். ஓடும்போது காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஈடுகட்டிவிடுவதால் ஒன்றும் தெரியாது. நிறுத்திச் சில மணி நேரம் போனால் ஒரு மூலை இறங்கும், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்தில் மறுபடி எழுந்து நிற்கும். முன்கூட்டியே ஓடவிட்ட வண்டியில் நமக்குக் கிடைப்பது அந்த எழுந்து நிற்கும் கோலம் மட்டும்தான்.

அதனால் முந்தின நாள் மாலையே போய், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் கதவைத் திறந்ததுமே மட்டம் பார்க்கும் மாட்யூல் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) விழித்துக்கொண்டு காற்றை நிரப்பத் தொடங்கிவிடும். நான்கு மூலையும் சில மில்லிமீட்டர் ஒரே சீராக இறங்கியிருந்தால் கவலை வேண்டாம், குளிரில் காற்று சுருங்குவது இயல்பு. ஒரு மூலை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அந்த மூலையின் ஸ்டிரட்டிலோ (ஏர் ஸ்பிரிங் பொருந்திய தாங்கு தூண்) அதற்குப் போகும் குழாய் இணைப்பிலோ கசிவு இருக்கிறது. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் காற்றை மூலைகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக்கையும் சந்தேகப்படுங்கள். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே செய்தால் இணைப்புகளிலும் ரப்பர் மடிப்பிலும் குமிழ் கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஸ்டார்ட் செய்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் சிறிது நேரம் முனகிவிட்டு நின்றால் சரி. மூன்று நான்கு நிமிஷம் விடாமல் ஓடினால் கசிவு பழையது, கம்ப்ரஸரும் களைத்துவிட்டது. 1998 முதல் 2005 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 220 எஸ்-கிளாஸில் இது ஊரறிந்த நோய். கம்ப்ரஸர் மாற்றிய பில்லை நீட்டினால் அதில் ரிலேயும் (கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் புது கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடிக் கருகிவிடும்.

ஏர் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டிருப்பதும் உண்டு. அது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். சக்கரக் குழிக்குள் டார்ச் அடித்தால் கம்பிச்சுருளா ரப்பர் பையா என்று தெரிந்துவிடும். அப்படி மாற்றிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பல்பையே பிடுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின், சஸ்பென்ஷன் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட மோசமானது.

அடுத்து ஸ்கேனர். வண்டிக் கணினியில் உள்ளதைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சாதாரண புளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் போதும். வண்டி நிஜமாகவே குளிர்ந்திருக்கிறதா என்பதற்கு விற்பவர் வாக்கை நம்ப வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, லைவ் டேட்டாவில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 28, கூலண்ட் 61 என்று காட்டினால் நீங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது இன்னொரு அளவு. கோடுகளை (கோளாறு வந்தால் வண்டிக் கணினி பதிந்துவைக்கும் குறியீடுகள், அதாவது code) அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான வண்டிகளின் கணினி வைத்திருக்கும். விற்பனைக்குத் தயார் செய்த அந்த வண்டியில் அது 9 கிலோமீட்டர். கோடு ஒன்றுகூட இல்லை, ஆனால் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பகுதியில் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்வது), ஆக்ஸிஜன் சென்சார், எவாப் (பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடிப்பது) மூன்றும் முடியாமல் கிடந்தன. அதாவது சுயபரிசோதனையே நடக்கவில்லை. "நேத்துதான் பேட்டரி மாத்தினோம் சார்" என்பது தயாராக இருக்கும் பதில். பேட்டரியைக் கழற்றினாலும் இதேபோல் அழியும் என்பதால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, சண்டையும் வேண்டாம். "சரி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் வழக்கம்போல ஓட்டுங்க, எல்லாம் ரெடி ஆனதும் வர்றேன்" என்று சொன்னால் போதும். எவாப் சோதனை கடைசியாக முடியும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் காலியாக இருந்தாலும் அது நடக்காது, பாதியளவு பெட்ரோல் இருப்பது நல்லது. 2010-க்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில் நிரந்தரக் கோடு என்று ஒன்று தனியாக உண்டு. ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது, எனவே அந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

அந்த வண்டி மறுபடி ஓடியதும் திரும்பி வந்த கோடு பி 0741. எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சத்தம் போடாமல், கை நீட்டாமல், பொறுமையாக இருந்ததற்கே அது கிடைத்தது. திருப்தியான தருணம்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் காகிதம்தான் முக்கியம், அதுதான் எப்போதும் காணாமல் போகிறது. எஞ்சின் ஆயில் மாற்றிய பில்கள் கட்டுக்கட்டாக இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் ஒன்றுகூட இருக்காது. கேட்டால் "இதுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம், கம்பெனியே சொல்லியிருக்கு" என்பார்கள். பல கார் கம்பெனிகள் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் 6 வேக ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. இ65 வகை பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் உட்படப் பல பெரிய செடான்களில் இருப்பது அந்தப் பெட்டிதான். அதில் ஆயில் சட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வயர் உள்ளே போகும் இடத்தில் உள்ள ஸ்லீவ் கசிவதும் வழக்கம், கீழிருந்து பார்த்தால் ஈரம் தெரியும்.

ஓட்டும்போது லாக்-அப் கோளாறு எப்படி இருக்கும் என்றால், மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டரில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துப் போகையில், வரிவரியாக வேகத்தடுப்புக் கோடு போட்ட சாலையில் ஏறியதுபோல ஓரிரு விநாடி உதறும். காலை எடுத்ததும் நின்றுவிடும். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார், அந்த ஓரிரு விநாடி அதில் கரைந்துபோகும். பாட்டையும் பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். மற்றபடி நான் ஓட்டிய சாலையில் அந்த வண்டியிடம் வேறு குறையொன்றும் தெரியவில்லை. ஸ்டீயரிங் நேராக இருந்தது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை.

வொர்க்‌ஷாப் அனுபவம் வேறு வகை எரிச்சல். காசு கட்டி முழுப் பரிசோதனைக்கு விட்ட இடத்தில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றவே மாட்டோம் என்றார்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத் தூக்க என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சஸ்பென்ஷனை அணைக்காமலோ ஜாக் நிலைக்கு மாற்றாமலோ தூக்கினால், மட்டம் உயர்ந்துவிட்டதாக நினைத்து மாட்யூல் காற்றை வெளியேற்றிவிடும், ரப்பர் பை தாறுமாறாக மடங்கிக் கிழியலாம். லிங்கன் டவுன் காரில் இதற்கான சுவிட்ச் டிக்கிக்குள் இருக்கிறது. வேறு சில வண்டிகளில் மெனுவில் தேட வேண்டும். தயங்கியது நியாயம்தான். ஆனால் கடைசியில் கொடுத்த ரிப்போர்ட்டில் 'சஸ்பென்ஷன்: நன்று' என்று டிக் அடித்திருந்தார்களே, அதைத்தான் ஏற்கவே முடியவில்லை. வண்டியை விடும் முன்பே "தூக்குவீங்களா, கீழே போட்டோ எடுத்துத் தருவீங்களா" என்று கேட்டுவிடுங்கள். லோயர் ஆர்ம் புஷ்களில் வெடிப்பு, டயரின் உள்விளிம்புத் தேய்மானம், ஆயில் கசிவு இந்த மூன்றும் போட்டோவில் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய இரண்டு டன் எடையைச் சுமக்கும் மிருதுவான புஷ்கள் சீக்கிரம் தளரும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் அவைதான்.

எஞ்சினில் அந்தந்த மாடலுக்கு உரிய நோயைத் தெரிந்துகொண்டு போங்கள். ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8, 1996 முதல் 2001 வரையிலான கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ், டவுன் கார்களில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டில் கூலண்ட் கடக்கும் இடத்தில் வெடிக்கும். அந்த இடத்தில் அலுமினியம் வைத்தது போட்டிருந்தால் நிம்மதி. ஜிஎம்மின் 3800 சீரிஸ் 2 வி6, பியூக் லெசேபர் போன்றவற்றில், மேல் இன்டேக்கின் பிளாஸ்டிக், புகையை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் குழாயின் சூட்டில் இற்றுப்போய்க் கூலண்ட்டை உள்ளே விடும். லெக்ஸஸ் எல்எஸ் 400-இல் பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிந்தால் கீழே உள்ள ஆல்டர்னேட்டர் மேலேயே சொட்டும். அதில் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கண்டிப்பாகக் கேளுங்கள். 1998 மாடலிலிருந்து வந்த விவிடி-ஐ (வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும்) எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

தண்ணீர்தான் இந்த வண்டிகளுக்குப் பெரிய எதிரி. சன்ரூஃபின் நான்கு மூலையிலும் உள்ள வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தூண் வழியாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். கார்ப்பெட் மேலே காய்ந்தே இருக்கும், அதற்கு அடியில் உள்ள தடித்த நுரைதான் ஊறும். பல மாடல்களில் மாட்யூல்களும் இணைப்புகளும் அங்கேயேதான் இருக்கின்றன. கதவு ஓரப் பட்டையைச் சற்றுத் தூக்கி, விரலை அடியில் விட்டு அந்த நுரையை அழுத்திப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பார்க்க, சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள். உருளைக்குள் சுற்றிக்கிடக்கும் கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட்டின் தண்டவாளத்தில் துரு இரண்டும் அதே கதையைத்தான் சொல்லும்.

பெயின்ட், பட்டி, டிங்கரிங் வழக்கம்போல. தடிமன் பார்க்கும் கருவியில் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரும், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி.

சுவிட்சுகளை இரண்டு பேராகச் சோதியுங்கள், ஒருவர் அழுத்த, ஒருவர் வெளியே நின்று பார்க்க. ஏசியை ஓட்டுநர் பக்கம் மிகக் குளிராகவும் பக்கத்து சீட்டுக்கு மிகச் சூடாகவும் வைத்து, ஐந்து நிமிஷம் கழித்து மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் மாறாமல், டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று கேட்டால் காற்றைத் திருப்பும் கதவின் சிறு மோட்டார் போய்விட்டது. மோட்டார் மலிவு, அதை எட்ட டேஷ்போர்டைக் கழற்றும் கூலி மலிவில்லை. சீட்டின் மெமரி, மசாஜ், பின் திரை எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். தானாக மூடிக்கொள்ளும் கதவுகளை விரலால் லேசாக மட்டும் தள்ளுங்கள், நான்கும் தாமாக இழுத்து மூட வேண்டும். முன்கண்ணாடியின் மூலையில் உள்ள அச்சை மற்றக் கண்ணாடிகளோடு ஒப்பிடுங்கள். சத்தம் தடுக்கும் கண்ணாடி உடைந்து சாதாரணக் கண்ணாடி மாட்டியிருந்தால், நெடுஞ்சாலையில் இந்த வண்டி வாங்கியதன் பயனே பாதி போய்விடும்.

சேஸி எண்ணைக் கண்ணாடியடியிலும் பாடியிலும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், ஸ்கேனரிலும் அது வரும். மூன்றும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். டயரில் கடைசி நான்கு இலக்கம் 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம்.

கடைசியாக இரண்டாவது சாவி. "வீட்டில இருக்கு, அப்புறம் தர்றேன்" என்ற பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த ரக ஸ்மார்ட் சாவியைப் புதிதாக எழுதி வாங்குவது செலவும் அலைச்சலும். இரண்டு சாவியிலும் தனித்தனியாக ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி ஓட்டுநர் கதவில் போட்டுத் திருப்புங்கள். வருஷக்கணக்கில் யாரும் தொடாத அந்தப் பூட்டு இறுகிப்போயிருக்கும். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் வண்டியில் சார்ஜ் முழுதாக இறங்கிவிட்டால், உள்ளே போக இருக்கும் வழி பெரும்பாலும் அந்தப் பூட்டுதான். அது திரும்பிய பிறகு முன்பணம் கொடுங்கள்.