அது, அவ, எல்

ஜனவரி 20

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர்தான். ஆனால் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தால் பாரிஸுக்கே போய்விட்ட மாதிரி இருக்கும். முள்ளோடை வந்ததா என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம், ஒயின்ஷாப் போர்டுகள் சொல்லிவிடும்.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இன்று புது வேலை கொடுத்தார்கள். இதுவரை பிரெஞ்சிலிருந்து தமிழுக்குச் செய்துகொண்டிருந்தோம், அதற்கு 'வெர்சியோன்' என்று பெயர். இனி 'தேம்', அதாவது நம்முடையதை அங்கே கொண்டுபோவது. "வீட்டில் யாராவது பேசுவதைப் பதிவு பண்ணுங்கள். ஒரு பக்கம் போதும். புத்தகத் தமிழ் மட்டும் வேண்டாம்" என்றார் மேடம்.

பக்கத்தில் உட்காரும் தோழியின் தாத்தா 'சொல்தா', பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவள் வீட்டில் இரண்டும் கலந்துதான் பேசுவார்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? கருவாட்டு விலை.

ஜனவரி 22

ஆயாவைத்தான் பிடித்தேன். திண்ணையில் உட்கார்ந்து வாளைக் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, 2004 டிசம்பர் 26 பற்றிக் கேட்டேன். தேவனாம்பட்டினத்தில் அதைக் கேட்டால் யாரும் சட்டென்று பேச மாட்டார்கள். ஆயாவும் மூன்று மீனைப் பிரிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பதினோரு நிமிடம் விடாமல் பேசியது.

எழுதி எடுத்தபோதுதான் கவனித்தேன். பதினோரு நிமிடத்தில் 'சுனாமி' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. 'அவ'தான்.

"அவ வந்தா. வந்தவ வெறுங்கையா போவல."

இந்த ஒரு வரிக்காகவே ஒரு பக்கத்தையும் செய்யலாம் போலிருக்கிறது.

ஜனவரி 25

'வெறுங்கை' ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிரெஞ்சிலும் வெறுங்கையோடுதான் திரும்பிப் போவார்கள், அதே கை, அதே வெறுமை. இப்படி ஒன்று தானாக வந்து பொருந்தும்போது சம்பளம் வாங்கின மாதிரி ஒரு சந்தோஷம்.

'வந்தா'தான் படுத்துகிறது. பிரெஞ்சில் முடிந்துபோன ஒன்றைச் சொல்ல முக்கியமாக இரண்டு இறந்தகாலம். 'பாஸே சேம்ப்ள்' கதைப் புத்தகத்துக்கு, பேச்சில் யார் வாயிலும் வராது. நம் 'வந்தனள்' மாதிரி. 'பாஸே கொம்போஸே' பேச்சுக்கு. 1942இல் கம்யூ தன் முதல் நாவலை வெளியிட்டபோது கதையைப் பெரும்பாலும் இந்தப் பேச்சுக் காலத்திலேயே சொன்னார், அது அன்றைக்குப் பெரிய விஷயம் என்று போன செமஸ்டரில் படித்தோம். அப்போது எனக்கு ஏறவில்லை. ஒரு வினைமுற்றுக்கு இவ்வளவு அலட்டலா என்று நினைத்தேன். ஆயாவை 'வந்தனள்' என்று பேசவைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது.

சரி, பேச்சுக் காலமே இருக்கட்டும்.

ஜனவரி 29

அசல் சிக்கல் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. 'அவ'.

தமிழில் கடல் அஃறிணை. 'கடல் வந்தது' என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதுவோம். ஆயா அதை 'அவ' என்கிறது. இலக்கணம் கொடுக்காத இடத்தை ஆயா கொடுக்கிறது. பிரெஞ்சில் மேஜைக்கும் பால் உண்டு, நாற்காலிக்கும் உண்டு. இரண்டும் பெண்பால். கடலும் பெண்பால், 'லா மேர்'. ஆகவே 'அவள்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'எல்' என்று எழுதினால் இலக்கணப்படி சுத்தமாகச் சரி. ஆனால் படிக்கிற பிரெஞ்சுக்காரருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. மேஜைக்கும் அதே 'எல்' தானே. ஆயா செய்த காரியம் அங்கே இலவசமாகக் கிடைப்பதால் காணாமல் போகிறது.

தப்பாக மொழிபெயர்த்தால் திருத்தலாம். இது சரியாக இருந்துகொண்டே இல்லாமல் போகிறது.

பிப்ரவரி 1

மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போனேன். 1827இல் தொடங்கியது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் கொஞ்சம் புரட்டினேன். 1736இல் எழுத ஆரம்பித்து 1761 வரைக்கும் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவராக இருந்தவர். பகலெல்லாம் இரண்டு மொழிக்கு நடுவில் நின்றவர், எழுத உட்கார்ந்ததும் பேச்சுத் தமிழுக்கே வந்துவிடுகிறார். துரைமார் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழெழுத்தில் போட்டுவிட்டு மேலே போகிறார். விளக்கம், அடிக்குறிப்பு ஒன்றும் கிடையாது. எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருந்தது.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்த்தேன். 2014 மழையில் இடிந்து, திரும்பக் கட்டியது. மேயர் அலுவலகம் என்பதால் 'மேரி'. புதிதாக வருகிறவர்கள் ஏதோ மாதா கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். மேயருக்குப் பிரெஞ்சில் 'மேர்'. கடலும் 'மேர்'. அம்மாவும் 'மேர்'. எழுத்து மூன்றுக்கும் வேறு, உச்சரிப்பு ஒன்றே.

பிப்ரவரி 2

ஆயாவிடம் சொன்னேன்.

"கடலுக்கு அவங்க மேர்ம்பாங்க ஆயா."

"அம்மாவுக்கு?"

"அதுவும் மேர்தான்."

"அப்ப தெரிஞ்சுதான வெச்சிருக்கான்" என்றது. தற்செயல், லத்தீனில் இரண்டும் வேறு வேறு சொல் என்று விளக்க ஆரம்பித்தேன். ஆயா கருவாட்டுக்கு வந்த காக்கையை விரட்ட எழுந்துபோய்விட்டது. என் மூன்று வருடப் படிப்புக்கு அந்தக் காக்கை போதும்.

பிப்ரவரி 5

நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். 'எல்' செத்த பிணம். 'பெண்' என்று போட்டால் யாரோ ஒருத்தி தெருவில் வந்த மாதிரி இருக்கிறது. 'அன்னை' என்று போட்டால் கவியரங்கம். ஆயா எங்கேயும் 'அன்னை' என்று சொல்லவில்லை, பிரசங்கம் எனக்குத்தான் வருகிறது.

கடைசியில் பிள்ளைவாள் வழி. பக்கத்தின் முதல் வரியிலேயே 'கடலம்மா' என்ற சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் அப்படியே வைத்தேன், ஆர்ட்டிகிள் இல்லாமல், அதாவது 'லா மேர்' என்பதில் முன்னால் நிற்கிற 'லா' இல்லாமல். 'லா' போகட்டும். ஆர்ட்டிகிள் போனால் பொருள் ஆளாகிவிடும், பெயருக்கு முன்னால் யாரும் 'லா' போடுவதில்லை. அதற்கப்புறம் வருகிற 'எல்' ஒவ்வொன்றும் அந்தப் பெயரைத்தான் சுட்டும்.

இலக்கணம் தடுக்காது என்றுதான் நினைக்கிறேன். மேடம் தடுக்கலாம்.

பிப்ரவரி 11

தாள் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் வினையோடு சேர வேண்டிய பெண்பால் 'எ' விட்டுப்போயிருக்கிறது. இவ்வளவு பால் ஆராய்ச்சி பண்ணிவிட்டு அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். வெறுங்கைக்கு ஒரு டிக்.

'கடலம்மா'வைச் சுற்றி சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரே சொல்: 'கி?' அதாவது, யார்?

'எது?' என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை திருத்திக் கொடுக்க வேண்டும். 'எ' இரண்டையும் சேர்த்துவிட்டேன். வட்டம் போட்டதைத் தொடவில்லை.