ஆற்றுத் திட்டில் இறங்குகிற விமானங்கள்

அலாஸ்காவில் ரன்வே என்று எதுவுமே இல்லாத இடத்தில், ஆற்று நடுவே கிடக்கிற கூழாங்கல் திட்டில் சின்ன விமானத்தை இறக்குகிற வீடியோக்களாகவே நேற்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1949-ல் வந்த பைப்பர் சூப்பர் கப் என்கிற சின்ன விமானம் இன்னும் அங்கே பறக்கிறது, காற்று குறைவாக அடைத்த பெரிய குண்டு டயர்களோடு. அந்த டயர் சின்னக் கற்களை விழுங்கிவிடும், சரி. ஈர மணலை? மேலிருந்து பார்த்தால் இறுகிய தரையும் புதைமணலும் ஒரே மாதிரி தெரியும். சக்கரம் புதைந்தால் வால் எழும்பி விமானம் மூக்கைக் குத்திக் கவிழ்ந்துவிடும், பதறிப்போய் பிரேக்கை அழுத்தினாலும் இதே கதிதான்.

பின்காற்று இன்னும் மோசம். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் தரையைத் தொட வேண்டியதை 15 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 85 ஆகிவிடும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் பிரேக் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. திட்டு மட்டும் நீளுமா என்ன! காற்றின் திசையைச் சொல்லவும் அங்கே ஆள் கிடையாது, நீரலையையும் மரக்கிளையையும் பார்த்து யூகிக்க வேண்டியதுதான்.

விவரமானவர்கள் முதலில் தாழ்வாக ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அப்புறம் சக்கரத்தை மட்டும் மணலில் தேய்த்துவிட்டு மேலே ஏறி, அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறுகிறதா என்று திரும்பி வந்து பார்க்கிறார்கள். ஒருவர் மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டு இறங்காமலே போய்விட்டார். நான் லைக் போட்டது அந்த வீடியோவுக்குத்தான்.