சிமெண்டுத் தொட்டியில் செர்ரி இறால்: ஓராண்டு அனுபவம்

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரை ஒட்டிய இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) நாங்கள் குடிவந்தபோது, குழாயில் நீர் வராத நாள்களுக்காக அப்பா தம் கையாலேயே கட்டியது. நீளம் 90, அகலம் 60, உயரம் 60 சென்டிமீட்டர். விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். அப்பா மறைந்தபின் சருகுகளும் உடைந்த பூச்சட்டிகளும்தான் அதில் கிடந்தன. சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த கையோடு அதைக் காலி செய்து, செர்ரி இறால் என்ற சிவப்பு நிற அலங்காரச் சிற்றிறாலை வளர்க்கத் தொடங்கினேன். பம்பு இல்லை, வடிகட்டி இல்லை, மின்சாரமே இல்லை. பேராக் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் இதை வளர்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நான் பட்டதை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

தொட்டியில் கசிவு இருந்ததால் உட்புறம் புதிதாகச் சிமெண்டு பூச வேண்டியிருந்தது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நீரில் எந்த உயிரும் தாங்காது. இங்கே மீன் வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, நீர் நிரப்பி, ஊறவிட்டேன். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் துண்டுகள். முதல் வாரம் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 9-க்கு மேல் காட்டிய சோதனைத் தாள், நான்காவது வாரம் 8-க்கு அருகில் வந்து நின்றது. அதன்பின் குழாய் நீரை நிரப்பி, குளோரினை முறிக்கும் படிகம் கலந்து, ஜாவா பாசி, கொஞ்சம் கியம்பாங் (நீரில் மிதக்கும் செடி), பள்ளித் திடலில் பொறுக்கிய காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைகள் ஆகியவற்றைப் போட்டேன். சுவரில் பச்சையாக வழுவழுப்பு படியும்வரை காத்திருந்தேன். அந்த வழுவழுப்புத்தான் இறாலின் முதன்மை உணவு. கடையில் விற்கும் தீவனம் அதற்குப் பிறகுதான்.

காத்திருக்கப் பொறுமை இல்லாமல், சந்தையில் மீன்காரர் தூக்கிப்போட இருந்த ஒரு பாலிஃபோம் பெட்டியையும் வாங்கி வந்து கழுவி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐம்பது லிட்டர் பிடிக்கும். ஐஸ் கட்டியையே கரையாமல் வைத்திருக்கும் பெட்டி, நீரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்பது என் கணக்கு.

மார்ச்

ஈப்போவில் ஒருவரிடம் 30 சிவப்பு இறால் வாங்கினேன். ஒன்றின் விலை ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்). மொத்தம் 45 வெள்ளி. நியோகாரிடினா டேவிடி என்பது இதன் அறிவியல் பெயர். சீனா, தைவான் பக்கத்து நன்னீரில் பழுப்பாகவும் நிறமற்றும் வாழும் சிற்றிறால் இது. சிவந்தவற்றையே பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்து இந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வளர்ந்த பெட்டை மூன்று சென்டிமீட்டர்கூட வராது. பன்னிரண்டைப் பெட்டியிலும் பதினெட்டைத் தொட்டியிலும் விட்டேன்.

மூன்றாவது வாரம் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செத்தன. வேகவைத்த இறால் போல வெளிறி, ஒளி ஊடுருவாத இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. நீரைச் சோதித்தேன், குறை தெரியவில்லை. வெப்பமானியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. காலை ஏழு மணிக்கு 26 டிகிரி. பிற்பகல் மூன்று மணிக்கு 34. அதே நேரத்தில் ரம்புத்தான் மர நிழலில் இருந்த தொட்டியில் 29. பாலிஃபோம் ஐஸைக் காப்பது மூடி இருக்கும்போதுதான். மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் சூடு மேல்வழியாக இறங்கும், பக்கவாட்டில் வெளியேற வழி இருக்காது. போதாக்குறைக்கு, 26 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், 34-இல் அது 7-ஆகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏற இறாலுக்கு மூச்சு அதிகம் தேவை. நீரிலோ காற்று குறைவு. பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டன. மிஞ்சிய மூன்றையும் தொட்டிக்கு மாற்றி, பெட்டியையும் மரத்தடிக்கு நகர்த்தினேன்.

ஏப்ரல், மே

தொட்டியில் இருந்தவை தாமாகவே ஊன்றிக்கொண்டன. பெட்டையின் தலைக்குப் பின்னால், முதுகில், சேணம் வைத்ததுபோல ஒரு மஞ்சள் திட்டு தெரியும். அது சினைப்பை. ஓடு கழற்றிய கையோடு அது இணைசேர்ந்து, முட்டைகளை வயிற்றுக்குக் கீழே நீச்சல் கால்களில் கொத்தாகத் தாங்கிக்கொள்ளும். இருபது, முப்பது முட்டைகள். இரவும் பகலும் அந்தக் கால்களை ஆட்டி ஆட்டி முட்டைகளுக்குக் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும். முதல் சினை இறாலைக் கண்டது அம்மாதான். ஏப்ரல் 9, காலை ஆறரை மணி. பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்துப் பழக்கத்தில் இன்றும் அம்மா நாலரை மணிக்கே எழுந்துவிடுவார். தலைவிளக்கு கட்டிய நெற்றி இப்போது கைவிளக்கோடு தொட்டியைச் சுற்றுகிறது.

ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சுகள் வந்தன. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், கண்ணாடி போன்ற உடல், ஆனால் கால், மீசை, வால் எல்லாம் தாயைப் போலவே. இதில்தான் செர்ரி இறாலின் வசதி இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம் தூண்டிலில் பிடிக்கிறார்களே, நீளக் கை கொண்ட ஆற்று இறால், அதன் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது இறால் வடிவிலேயே இருக்காது. உப்புக் கலந்த முகத்துவார நீர் கிடைத்தால்தான் பிழைக்கும். அந்த இரகசியம் பிடிபட்டதே நம் பக்கத்துப் பினாங்கில்தான். 1960-களின் தொடக்கத்தில் உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் ஷாவ்-வென் லிங் அங்கே அதைக் கண்டறிந்த பிறகே ஆற்று இறால் பண்ணைகள் பல நாடுகளுக்குப் பரவின. செர்ரி இறாலுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. பிறந்த அன்றே சுவரில் ஏறி மேயத் தொடங்கிவிடும்.

மே மாதக் கடைசியில் குஞ்சுகளை நூறுவரை எண்ணினேன்.

ஜூனில் அவை குறைந்தன. செத்த உடல் ஒன்றுகூட இல்லை; எண்ணிக்கை மட்டும் தேய்ந்துகொண்டே போனது. தவளையோ என்று இரண்டு இரவு காவல் இருந்தேன். பிறகு பாசியை அள்ளி வெள்ளைப் பீங்கான் தட்டில் உதறிப் பார்த்தபோது சேற்று நிறத்தில் ஒன்று ஊர்ந்தது. தட்டானின் நீர்ப்புழு. மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடையைக் கண் இமைக்கும் நேரத்தில் நீட்டி இரையைக் கவ்வும். வாலில் இலை போன்ற மூன்று செவுள்களோடு ஊசித்தட்டானின் புழுக்களும் இருந்தன. ஒரு வாரம், காலையும் மாலையும், ஒவ்வொரு கைப்பிடிப் பாசியாக அலசி 17 புழுக்களை எடுத்தேன். கியம்பாங் மேல் தட்டான் வந்து அமர்வதை எத்தனை மாலை அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்! அது முட்டையிட வந்தது என்று தோன்றவில்லை.

இப்போது மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து, விளிம்பில் இடைவெளி இல்லாமல் மூடி வைத்திருக்கிறேன். கொசுவுக்கும் அதுவே தடுப்பு. இந்த நாட்டில் வீட்டில் நீர் தேக்கி வைப்பவர் கொசுவை மறக்கவே கூடாது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் கட்ட நேரும். அதைவிட, டிங்கி காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. கப்பி மீன் விடச் சொன்னார்கள். கப்பி கொசுப்புழுவைத் தின்னும், இறால் குஞ்சையும் விடாது. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து மணலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதிலுள்ள டெமெஃபாஸ் இறாலையும் கொன்றுவிடும். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இறாலை ஒன்றும் செய்யாது என்றாலும், வலை ஒழுங்காக இருந்தால் அதுவும் தேவைப்படவில்லை.

ஆகஸ்டு

இதை எழுத எனக்கு இன்னும் கை தயங்குகிறது.

ஜூலையில், நன்கு சிவந்த அறுபது இளம் இறால்களைப் பொறுக்கி மரத்தடிப் பெட்டியில் தனியாக விட்டிருந்தேன். நிறத்தை மேலும் தேற்றும் எண்ணம். ஆகஸ்டு இரண்டாம் வாரம் எங்கள் தாமானில் இரண்டு வீடுகளில் டிங்கி. ஒரு மாலை, பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். “தம்பி, புகையடிக்க வருகிறார்கள், துணிகளை எடுத்து உள்ளே போடு.” துணிகளை எடுத்தேன். தொட்டியின் மேல் பலகையும் கித்தானும் போட்டு மூடினேன். பெட்டிக்குத்தான் வலை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா என்னை எழுப்பவில்லை. நானாக எழுந்து வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வலை தட்டானைத் தடுக்கும், புகையைத் தடுக்குமா? புகையடிப்புக்குப் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள், ஒரே வம்சம். மீனுக்கும் அது நஞ்சு, இறாலுக்கு மிகச் சிறிய அளவே போதும். புகையடித்தவர்கள் மீது எனக்குக் குறையே இல்லை. அந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் ஏழு வயதுக் குழந்தை மருத்துவமனையில் இருந்தது. மூடியிருக்க வேண்டியது நான். இப்போது புகையடிப்பு என்று கேள்விப்பட்டாலே, பிளாஸ்டிக் தாளால் தொட்டியையும் பெட்டியையும் இறுக்கி மூடி, புகை முழுதும் கலைந்தபின் தாளின் மேற்புறத்தை வேறு பக்கமாக நீர் ஓடும்படி கழுவிவிட்டுத்தான் திறக்கிறேன். வீட்டுக்குள் கொசு மருந்து தெளித்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிக்குள் விடுவதில்லை.

அதுவரை நான் நீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பி.எச்., பாசி, தீவனம் என்று தினமும் குனிந்தபடியே இருந்தேன். ஆனால் வெயில், தட்டான், புகை என்று என் இறாலைக் கொன்ற எல்லாமே மேலிருந்து வந்தவை. திறந்தவெளித் தொட்டிக்கு முதலில் திட்டமிட வேண்டியது மூடியைத்தான் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

அக்டோபர்

மழையும் மேலிருந்துதான் வந்தது. அக்டோபர், நவம்பரில் இங்கே பிற்பகல் தோறும் இடியோடு கொட்டும். முதல் வாரம் தொட்டி நிரம்பி வழிந்து, சில இறால்கள் கால்வாய்க்கே போய்விட்டன. விளிம்புக்குக் கீழே துளையிட்டு, குழாய் செருகி, வலைத்துணி கட்டினேன். வழிவது நின்றது, ஆனால் சாவு தொடங்கியது. தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம் விழுந்து, ஓட்டைக் கழற்ற முடியாமல் பாதியில் இறந்தன. மழைநீரில், புது ஓடு உருவாகத் தேவையான கால்சியம், மக்னீசியம் கிடையாது. வடிகுழாய் வழியே பழைய நீர் போகப் போக, தொட்டியில் மழைநீரே மிஞ்சியது. சொட்டு மருந்தால் நீரின் கடினத்தன்மையைச் சோதித்தேன். 8 இருந்தது 3-க்கு வந்திருந்தது.

சந்தையில் வாங்கிய கணவாயின் ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். பளிங்குக்கல் சல்லி ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். சுண்ணாம்பு மலைகள் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் நமக்கு அந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு நல்ல குணம், நீர் அமிலமாகும்போது அதிகமாகக் கரையும், சரியானதும் கரைவது தணியும்.

அம்மாவுக்கு அது போதவில்லை. “மழை மேலே வருகிறது, நீ பக்கத்தில் ஓட்டை போடுகிறாய்” என்றார். பால்மரத்தில் மழைநீர் வெட்டில் இறங்காமல் இருக்க, பட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போல ஒட்டிவிடுவார்களாம். அது இல்லாத நாளில் மழை பெய்தால் கோப்பையில் இருந்த பால் கழுவிக்கொண்டு போய்விடும், அன்றைய கூலியும் கூடவே போய்விடும். அவர் சொன்னபடி, நான்கு குச்சி நட்டு, ஒளி ஊடுருவும் தகட்டைச் சரிவாகப் போட்டேன். காற்று நான்கு பக்கமும் புகும். மழை வேலிப்பக்கம் வடியும். செலவு 38 வெள்ளி. ஆண்டு முழுவதும் செய்ததில் இதுவே சிறந்த செலவு.

மற்றவை

தீவனம் மிகக் குறைவாகவே போடுகிறேன். வாரம் இருமுறை, வெந்நீரில் வாட்டிய முருங்கைக்கீரை நான்கைந்து இலை, எப்போதாவது ஸ்பைருலினா நுண்பாசி. மறுநாள் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுவேன். கீரை வீட்டு மரத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். மருந்தடித்த கீரை வேண்டாம். காற்று செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டுப் பக்கத்திலிருந்து வீசும் நாளில் அங்கே மருந்து தெளிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

மஞ்சள், நீல இறால்களை இதே தொட்டியில் விடச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். எல்லாம் ஒரே இனம், கலந்துவிடும். தலைமுறை போகப் போகப் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். கலக்காமலேயே வெளிறிய குஞ்சுகள் பிறக்கத்தான் செய்கின்றன. அவற்றைப் பிரித்து ஒரு மண்சட்டியில் வளர்த்தேன். டிசம்பர் விடுமுறையில் அண்ணன் மகள் அதைப் பள்ளி அறிவியல் மூலைக்குக் கேட்டு வாங்கிச் சென்றாள்.

பொங்கலுக்கு முன் வலைவீசி எண்ணினேன். 340 வரை எண்ணினேன். அதற்குமேல் பாசிக்குள் ஒளிந்தவை கணக்கில் இல்லை. மரத்தடிப் பெட்டியில் மறுபடியும் நாற்பது சிவப்பு. இம்முறை அதற்கும் தனித் தகடு, தனிக் கித்தான்.

இன்று காலை வானம் மூட்டமாக இருந்தது. அம்மா தொட்டி ஓரம் நின்று மேற்கே பார்த்தார். பத்து மணிக்குள் பெய்யும் என்றார். பிறகு விளக்கைத் தாழ்த்திச் சினை இறால்களை எண்ணத் தொடங்கினார். பதினான்கு.