பனங்கொட்டை நட்டது போதும், எண்ணவும் செய்யலாமே

எங்க ஸ்கூல்ல பசுமைப் படை என் பொறுப்புலதான் இருக்கு. 2001-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆரம்பிச்ச தேசிய பசுமைப் படை, அதாவது பசங்களோட சுற்றுச்சூழல் கிளப், நிறைய ஸ்கூல்ல இருக்கும், நீங்களும் பச்சைத் தொப்பி போட்டிருப்பீங்க. போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசில ஒன்பதாவது பசங்க 32 பேரோட ஊர் கண்மாக்கரையில 600 பனங்கொட்டை நட்டோம். ஒரு அடி குழி, பத்தடி இடைவெளி, தண்ணி ஊத்தவே வேணாம், வடகிழக்குப் பருவமழை பாத்துக்கும். போட்டோ எடுத்தோம், ரிப்போர்ட் அனுப்பினோம், அதோட வழக்கமா கதை முடிஞ்சிரும்.

ஆனா தை மாசம் ஒரு பையன் ஓடிவந்து டீச்சர் குழியெல்லாம் தோண்டிக் கெடக்குன்னான், போய் பாத்தா பொங்கலுக்குப் பனங்கிழங்குக்காக யாரோ தோண்டியிருக்காங்க, பசங்க முகத்தைப் பாக்க முடியல. அப்புறம் அவங்களே யோசிச்சு, கிழங்குக்குன்னு ஸ்கூல் பின்னாடி தனியா பாத்தி போட்டாங்க, அடுத்த பொங்கலுக்கு கரைப் பக்கத்து தெருக்காரங்களுக்கே கிழங்கைக் கொண்டுபோய் கொடுத்தாங்க, அதுக்கப்புறம் கரையில யாரும் கை வைக்கல. நிலைத்த வளர்ச்சின்னு ஐநா 2015-ல 17 இலக்கு வச்சதை நான் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், அதை விட இந்த பாத்தி அவங்களுக்கு நல்லா புரிஞ்சுது.

ஆடியில எண்ணச் சொன்னேன். 231 குருத்து வந்திருந்துச்சு. மிச்சம் ஏன் வரலைன்னு அவங்களே கரை முழுக்க நடந்து எழுதினாங்க, ஜேசிபி மண்ணு தள்ளுன இடம், தோண்டுன குழி, கொட்டையே சொத்தைன்னு. சதவீதம் 38.5 வருதுன்னு கணக்கு வாத்தியார்கிட்ட பெருமையா சொன்னாங்க!

என் வருத்தம் என்னன்னா பத்தாவது வந்ததும் பரீட்சைன்னு கிளப்ல இருந்து பேரை எடுத்துடுறாங்க, நிறைய ஸ்கூல்ல இதான் நடக்குது. பனை ஆணா பொண்ணான்னு தெரியவே பன்னெண்டு பதினஞ்சு வருஷம் ஆகும், நாம பசங்களுக்கு கொடுக்கிறது ஒரே வருஷம். வாரத்துல ஒரு மணி நேரம் கரைக்குப் போனா மார்க் குறையாதுங்க, நான் கண்ணால பாத்துட்டு சொல்றேன்.

அதனால ஒரு நோட்டு போட்டிருக்கோம், எந்தக் குழி எப்போ நட்டது யாரு பாத்தது எல்லாம் அதுல இருக்கு. பத்தாவது போற பிள்ளை எட்டாவது பிள்ளையை கரைக்கு கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு குழியா காட்டி அந்த நோட்டை கையில கொடுக்கணும். இந்த புரட்டாசிக்கு காலி இடம் 369, கொட்டை பொறுக்க ஆரம்பிச்சாச்சு.