மிலோ மலைக்கோட்டையும் 15 கோடி பிராங்கும்

கரீபியன் நாடான ஹைத்தியின் வடக்கே உள்ள கேப் ஹைத்தியன் நகரிலிருந்து, மலைக்கோட்டையின் அடிவாரத்து மிலோ கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட ஓட்டுநர் நூறு டாலர் கேட்டபோது, என் நான்கு நாள் செலவுப் பணம் ஒரே சவாரியில் போய்விடும் என்று பதறினேன். விடுதிக்கார அம்மாள்தான் விளக்கினார்: ஹைத்தியில் பேச்சு வழக்கில் ஒரு ‘டாலர்’ என்பது உள்ளூர் நாணயமான கூர்தில் ஐந்து. அமெரிக்க டாலருக்கு ஐந்து கூர்து என்றிருந்த பழைய மாற்று விகிதம் எப்போதோ போய்விட்டது, கணக்கு மட்டும் நாவில் தங்கிவிட்டது.

மிலோவிலிருந்து கோட்டைக்கு ஏற்றிச் செல்லும் குதிரைக்காரர்கள் மெய்யாகவே கூடுதலாகக் கறந்தார்கள். பேசிய தொகைக்கு மேல், குதிரையைப் பின்னாலிருந்து தள்ளியவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. போகிறவர்கள் முழுத் தொகையையும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நான் எரிச்சலுடன் நீட்டிய 100 கூர்துத் தாளின் பின்பக்கத்தில், எதிரே நின்ற அதே கோட்டை அச்சாகியிருந்தது.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கப்பலின் அணியம் போல் மேகத்தைப் பிளந்து நிற்கிறது ‘சிட்டாடெல்’ என்ற அந்தக் கோட்டை. 1791 ஆகஸ்டில் கீழே தெரியும் இந்தச் சமவெளியில் பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தி எழுந்த அடிமைகள், 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வருவார்கள் என்று அஞ்சி, புரட்சித் தளபதியாக இருந்து வடக்கின் அரசரான ஆன்றி கிறிஸ்தோஃப் இதைக் கட்டினார். விடுதலை பெற்ற மக்களையே மீண்டும் கட்டாய உழைப்பில் இறக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பீரங்கிக் குண்டுகள் இன்றும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. எந்தப் படையும் இவ்வளவு தூரம் ஏறி வரவே இல்லை.

பிரான்ஸ் 1825இல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் துறைமுகத்துக்கு வந்தது, போர்க்கப்பல்களோடும் 15 கோடி பிராங்க் கேட்கும் ஆணையோடும். கூலியின்றி வேலை வாங்கிய தோட்ட முதலாளிகளுக்கு, வேலை செய்தவர்களே நட்டஈடு கட்ட வேண்டுமாம்! 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. ஆனால் முதல் தவணைக்கே பாரிஸில் கடன் வாங்க நேர்ந்தது, அதைத் தொடர்ந்து வந்த கடன்களின் சுமை 1947 வரை நீண்டது. இந்த நாட்டை ‘ஏழை நாடு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் பயணக் கையேடுகள் மேல் எனக்குத் தீராத கோபம்.

மறுநாள் ஞாயிறு. விடுதியில் சூப் ஜூமூ: பரங்கிக்காய், மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உறைக்கும் மிளகாய். அடிமைகள் இதை முதலாளிகளுக்குச் சமைத்துப் பரிமாறினாலும் தங்கள் வாயில் வைக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்ததாம். அதனாலேயே விடுதலை நாளான ஜனவரி முதல் தேதியன்று வீடுதோறும் இது கொதிக்கிறது. இரண்டு கிண்ணம் குடித்தேன். பேருந்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் மூன்றாவதையும் வாங்கினேன்.