விப்பிள் முடிந்தபின் பை வெள்ளையானது

கணையத் தலையில் இருந்த கட்டிக்காக விப்பிள் அறுவைச் சிகிச்சை (கணையத் தலையையும் அதை ஒட்டிய சிறுகுடல் பகுதியையும் நீக்குவது) செய்துகொண்டேன். வயிற்றிலிருந்து நீரை வெளியே ஒரு பைக்குள் வடிக்கும் டிரெயின் குழாயில் முதலில் இளஞ்சிவப்பாகவும் அப்புறம் வெளிர் மஞ்சளாகவும் நீர் வந்தது. வாய்வழியாகச் சாப்பிடத் தொடங்கியதும் அது பால்போல வெளுத்துவிட்டது. சீழ் என்றே பயந்தேன். ஆனால் காய்ச்சல் இல்லை, வாடையும் இல்லை.

அந்த நீரில் இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள். கணையம் சுரக்கும் செரிமான நொதியான அமைலேஸ் எகிறினால் கணையத்தைக் குடலோடு தைத்த இடம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அறுவை மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். எனக்கு அமைலேஸ் குறைவு. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமைத் தொட்டாலே, குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீரின் கசிவு என்பார்கள். என்னுடையது அதைவிட வெகு அதிகம்.

கணையத்தில் கத்தி வைத்தால் சிறுகுடலின் கொழுப்பு ஏன் ஒழுக வேண்டும்? கேட்டதும் மருத்துவர் ஒரு தாளில் வரைந்தே காட்டிவிட்டார். மாவுச்சத்தும் புரதமும் செரித்தபின் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பில் பெரும்பகுதி அப்படிப் போவதில்லை. குடலுறிஞ்சிகளுக்குள் (சிறுகுடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற நுண்புடைப்புகள்) இருக்கும் நுண்ணிய நிணநீர் நாளங்களில் நுழைந்து, குடலைத் தாங்கும் சவ்வில் உள்ள நிணநீர் முடிச்சுகளைக் கடந்து, குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மேல் குடல் தமனியின் அடிக்கு வருகிறது. கணையத் தலையின் நிணநீரில் ஒரு பகுதியும் அங்கேதான் சேர்கிறது. (வால்பக்கத்து நிணநீர் மண்ணீரல் தமனியோரமாகப் போகும்.) பிறகு மார்பு நிணநீர் நாளத்தில் ஏறி, கழுத்தின் இடது அடியில் இரத்தத்தில் கலக்கிறது. புற்று பரவக்கூடிய வழியும் இதுவே என்பதால் அங்கிருந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அப்போது அறுபட்ட ஏதோவொரு மெல்லிய நாளம் மூடாமல் இருந்திருக்கிறது.

படுக்கையில் கிடந்தபோது படித்தது: 1622இல் காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர், இரை தின்றிருந்த நாயின் வயிற்றில் இந்த வெள்ளை நாளங்களைப் பார்த்தார். அவை கூடும் முடிச்சுத் திரளைத்தான் கணையம் என்று எண்ணிக்கொண்டார். எனக்கு வரைந்து காட்டிய படத்தைப் பார்த்தபின் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மறு அறுவை வேண்டியிருக்கவில்லை. எண்ணெய், வெண்ணெய், கொட்டை வகைகள், முழுப்பால் எல்லாம் நின்றன. பதிலாக எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலி டிரைகிளிசரைடு) எண்ணெய். அதன் கொழுப்புச் சங்கிலிகள் குட்டையானவை. பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுவதால் கிழிந்த நாளத்துக்கு ஓய்வு கிடைக்கும். சாப்பாடு சப்பென்று இருந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒழுகும் நீரோடு புரதமும் வெள்ளணுக்களும் போகின்றன என்பதால் தினமும் எடை பார்த்தார்கள், அடிக்கடி இரத்தமும் எடுத்தார்கள். உடலுக்கு அவசியமான சில கொழுப்பு அமிலங்கள் எம்.சி.டி.யில் இல்லை, ஆகவே மேற்பார்வை இல்லாமல் இதை நீட்டிக்கொண்டே போகக்கூடாது என்றார் உணவியல் நிபுணர்.

வெண்மை மெல்ல மெலிந்து, அளவும் குறைந்தது. பிறகு கொஞ்சம் கொழுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். பையில் தெளிந்த நீரே வந்தது. குழாயை எடுத்துவிட்டு, எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.